என்எஃப்எஸ் மெதுவாக இருந்தால் எங்கே கை வைப்பது: அளப்பதிலிருந்து ட்யூனிங் வரை ஒரு முழு வழிகாட்டி

என்எஃப்எஸ், அதாவது இன்னொரு மெஷினில் உள்ள ஃபைல்களை நெட்வொர்க் வழியாக நம் மெஷினில் பயன்படுத்தும் முறை, மெதுவாக இருக்கிறது என்றதும் பலரும் செய்வது, எங்கோ கிடைத்த ஒரு நீளமான மவுன்ட் வரியை (சர்வரின் டைரக்டரியை நம் மெஷினில் இணைக்கும் வரி) எடுத்து அப்படியே ஒட்டிவிடுவதுதான். அதில் ஆர்சைஸ் (ஒரே கேள்வியில் படிக்கும் அளவு) 8192 என்றோ 32768 என்றோ இருக்கும், நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தைக் குறிக்காதே என்னும் ஆப்ஷன்) இருக்கும், சில வரிகளில் யுடிபி கூட இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 20 வருடங்களுக்கு முந்தைய கெர்னலுக்காக எழுதப்பட்டவை. இன்றைய லினக்ஸில் கிளையன்டும் சர்வரும் தாங்களாகவே பேசி 10,48,576 பைட், அதாவது 1 எம்பி வரை ஆர்சைஸை ஒத்துக்கொள்ளும், நீங்கள் 32768 என்று எழுதினால் அதை நீங்களே 32 கேபிக்குள் அடைத்துவிடுகிறீர்கள். நோஏடைமை என்எஃப்எஸ் மவுன்டில் போடுவதால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தைக் குறித்துவைப்பது சர்வர். அதைச் சர்வரின் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் (எக்ஸ்எஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4) மவுன்டில்தான் போட வேண்டும்.

எனவே வரியை ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: நேரம் எங்கே போகிறது? ஒரு ரீடோ ரைட்டோ நான்கு இடங்களில் காத்துக் கிடக்கலாம். கிளையன்ட் மெஷினுக்குள்ளேயே வரிசையில் நிற்கலாம், நெட்வொர்க்கில் நிற்கலாம், சர்வரில் கேள்விகளைக் கவனிக்கும் என்எஃப்எஸ்டி த்ரெட் காலியாவதற்காக நிற்கலாம், அல்லது சர்வரின் டிஸ்க்கில் நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டிஸ்க்கில் நிற்கும் வேலைக்கு ஆர்சைஸை மாற்றி இரண்டு நாள் வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கு அது வர வேண்டாம் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: ஒவ்வொரு அடுக்கையும் தனியாக அளந்து எழுதி வையுங்கள்

முதலில் என்எஃப்எஸ்ஸை மறந்துவிட்டு நெட்வொர்க்கை மட்டும் பாருங்கள். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ சர்வரிலும் கிளையன்டிலும் ஓட்டி, இரண்டு திசையிலும் அளக்க வேண்டும், ஒரு திசை நன்றாக இருந்து மறுதிசை பாதியாக இருப்பது அரிதல்ல. 1 ஜிகாபிட் லைன் என்றால் காகிதத்தில் நொடிக்கு 125 எம்பி, ஹெடர்கள் எல்லாம் போகக் கையில் கிடைப்பது 117 எம்பி சுமார். உங்கள் என்எஃப்எஸ் ஏற்கெனவே 110 எம்பி கொடுத்துக்கொண்டிருந்தால் ட்யூன் செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை, 10 ஜிகாபிட்டுக்குப் போவதுதான் வழி. அப்புறம் பிங் போட்டு, பேக்கெட் போய்வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இந்த எண் பின்னால் ரொம்பத் தேவைப்படும்.

அடுத்து சர்வருக்குள் லாகின் செய்து, எக்ஸ்போர்ட் செய்திருக்கும் (கிளையன்டுகளுக்குத் திறந்துவிட்டிருக்கும்) அதே டைரக்டரியில், டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓவை நேரடியாக ஓட்டுங்கள். பெரிய பிளாக்கில் வரிசையாக ரீட் மற்றும் ரைட், 4 கேபி பிளாக்கில் ராண்டம், அப்புறம் ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க் (டேட்டா டிஸ்க்கில் பதிவாகும்வரை காத்திருக்கும் அழைப்பு) போடும் ஒரு டெஸ்ட். இந்தக் கடைசி டெஸ்ட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், என்எஃப்எஸ் சர்வருக்கு அதுதான் முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது.

கடைசியாக அதே எஃப்ஐஓ டெஸ்ட்டைக் கிளையன்டிலிருந்து மவுன்ட் வழியாக ஓட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கேஷைக் காலி செய்யாமல் ரீட் டெஸ்ட் செய்தால் நீங்கள் அளப்பது உங்கள் சொந்த ரேமின் வேகத்தைத்தான். டெஸ்ட் ஃபைலைக் கிளையன்ட், சர்வர் இரண்டின் ரேமை விடவும் பெரியதாக வையுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் கெர்னலின் ட்ராப் கேஷஸ் ஃபைலில் 3 எழுதி இரண்டு பக்கமும் காலி செய்யுங்கள். டிடி என்ற காப்பி கட்டளையை வைத்து ரைட் அளந்தால் முடிவில் எஃப்சிங்க் செய்யச் சொல்லும் ஆப்ஷனைச் சேர்க்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். சர்வரில் நேரடியாகவே நொடிக்கு 90 எம்பிதான் வருகிறது என்றால் மவுன்ட் ஆப்ஷனில் தேடுவதில் அர்த்தமில்லை.

படி 2: என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் சொல்வதைப் படியுங்கள்

உண்மையான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கிளையன்டில், என்எஃப்எஸ் வேலைகளுக்கு ஆகும் நேரத்தைக் காட்டும் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட்டை 5 விநாடி இடைவெளியில் ஓடவிடுங்கள். முதலில் வரும் அறிக்கை மவுன்ட் செய்த நாளிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பாருங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: சராசரி ஆர்டிடி, சராசரி எக்ஸீ. ஆர்டிடி என்பது கிளையன்ட் கேள்வியை அனுப்பியதிலிருந்து பதில் வரும்வரை ஆன நேரம், அதாவது நெட்வொர்க்கும் சர்வரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. எக்ஸீ என்பது அந்த வேலை கெர்னலிடம் வந்ததிலிருந்து முடியும்வரை ஆன மொத்த நேரம். எக்ஸீ 40, ஆர்டிடி 2 என்று இருந்தால் 38 மில்லி விநாடி உங்கள் கிளையன்டுக்குள்ளேயே வரிசையில் போயிருக்கிறது, சர்வர் ஆட்களைத் திட்டாதீர்கள். இரண்டும் 40-ஐ ஒட்டி இருந்தால் பிரச்சினை வெளியே. பிங் 0.3 மில்லி விநாடிதான் என்று படி 1-இல் எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் மிச்சம் 39-க்கு மேல் சர்வரில்தான் போகிறது, கையைச் சர்வரில் வையுங்கள்.

ரீட்ரான்ஸ், அதாவது மறுபடி அனுப்பிய கேள்விகளின் எண் ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைப் பாருங்கள். டிசிபி மவுன்டில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 600, அது பத்தில் ஒரு விநாடிக் கணக்கு, ஆக 60 விநாடி. ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் பதில் வராமல் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கிறது என்றால் சர்வர் எங்கோ அடைத்து நிற்கிறது, அல்லது கனெக்ஷன் அறுந்து அறுந்து ஒட்டுகிறது.

இன்னொரு நல்ல கருவி மவுன்ட்ஸ்டாட்ஸ். எந்த வகை வேலை எத்தனை முறை நடந்தது என்று பிரித்துக் காட்டும். அதில் ரீடும் ரைட்டும் மேலே இருந்தால் உங்கள் பிரச்சினை டேட்டா ஓட்டம். கெட்ஆட்டர் (ஃபைலின் விவரம் கேட்பது), லுக்அப் (பெயரைத் தேடுவது), ஆக்சஸ் (அனுமதி கேட்பது), ஓப்பன் இவை மேலே இருந்தால் உங்கள் பிரச்சினை வேறு ஜாதி, அதற்குத்தான் அடுத்த படி.

படி 3: சின்னச் சின்ன ஃபைல்கள், நடைக் கணக்கு

என் அனுபவத்தில் என்எஃப்எஸ் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது, ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

என்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கேள்வியும் சர்வருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஒரு புது ஃபைலை உருவாக்கி, எழுதி, மூட, பெயரைத் தேடுவது, உருவாக்குவது, எழுதுவது, கமிட் (டிஸ்க்கில் பதித்துவிடச் சொல்வது), மூடுவது என்று 5 நடை என வைத்துக்கொள்வோம். 4 கேபி ஃபைல்கள் 1 லட்சம் இருக்கின்றன. மொத்த டேட்டா 400 எம்பிதான், 1 ஜிகாபிட் லைனில் 4 விநாடிகூட ஆகாது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 5 லட்சம் நடை. ஒரு நடைக்கு 0.5 மில்லி விநாடி என்றால் 250 விநாடி. சர்வர் வேறொரு டேட்டா சென்டரில், 20 மில்லி விநாடி தள்ளி இருந்தால் 10,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். லைனை 10 ஜிகாபிட்டாக மாற்றினாலும் இந்த 2 மணி 47 நிமிடம் அசையாது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் சின்னச் சின்ன ஃபைல்கள் குவிந்திருக்கும் நோட் மாட்யூல்ஸ் டைரக்டரியை என்எஃப்எஸ்ஸில் வைத்து பில்ட் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இதற்கு என்ன செய்யலாம்? நடையைக் குறைக்கலாம், அல்லது பல நடைகளை ஒரே சமயத்தில் போகவிடலாம். காப்பி வேலை என்றால் 8 அல்லது 16 புராசஸாகப் பிரித்து ஓட்டினாலே நேரம் பல மடங்கு சுருங்கும், ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போது மற்றவர்களும் நடக்கிறார்கள், அவ்வளவுதான். சர்வரில் லாகின் இருந்தால் இன்னும் நல்லது: ஃபைல்களை ஒரே டார் ஆக்கி அனுப்பி, சர்வரிலேயே பிரியுங்கள். ஆர்சிங்க் பயன்படுத்துபவர்கள் மவுன்ட் வழியாக ஓட்டாமல் எஸ்எஸ்ஹெச் வழியாக நேராகச் சர்வரோடு பேசவிடுங்கள், மவுன்ட் வழியாகப் போனால் அதற்கு இரண்டு பக்கமும் லோக்கல் டிஸ்க் மாதிரிதான் தெரியும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அதன் திறமை வேலைக்கே வராது. ஒரே சர்வருக்குள் ஃபைலைக் காப்பி செய்வதென்றால், 2016-இல் வந்த என்எஃப்எஸ் 4.2-இல் சர்வரே தனக்குள் காப்பி செய்துகொள்ளும் வசதி இருக்கிறது, டேட்டா உங்கள் கிளையன்டுக்கு வந்து திரும்பிப் போக வேண்டியதில்லை.

படிப்பது மட்டுமே அதிகம், ஃபைல்கள் அடிக்கடி மாறாது என்றால் ஆட்ரிபியூட் கேஷ் நேரத்தை, அதாவது ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களைக் கிளையன்ட் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, கூட்டலாம். லினக்ஸில் இயல்பாக ஃபைலுக்கு 3 முதல் 60 விநாடி, டைரக்டரிக்கு 30 முதல் 60 விநாடி. ஏசிடைமியோ ஆப்ஷனில் 600 என்று கொடுத்தால் நான்குமே 600 விநாடியாகும், கெட்ஆட்டர் நடைகள் கணிசமாகக் குறையும். ஒரு மெஷினில் செய்த மாற்றம் இன்னொரு மெஷினில் 10 நிமிடம் கழித்துத் தெரிந்தாலும் பரவாயில்லை என்ற இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். நோசிடிஓ என்ற ஆப்ஷன் ஃபைலைத் திறக்கும்போது செய்யும் சரிபார்ப்பையும் தவிர்க்கும். ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்த சாஃப்ட்வேர் டைரக்டரிக்கு அது பொருத்தம், பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் போடவே கூடாது. மறுபக்கம், யாரோ எப்போதோ நோஏசி போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது ஆட்ரிபியூட் கேஷை முழுதாக அணைப்பதோடு எழுதுவதையும் சிங்க் ஆக்கிவிடும், அந்த ஒரு சொல்லை எடுத்தாலே எல்லாம் சரியான மவுன்ட்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: சர்வரில் சிங்க், அசிங்க், டிஸ்க்

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் சிங்க் என்று இருப்பதை அசிங்க் என்று மாற்றினால் வேகம் பறக்கும், எல்லா இடத்திலும் இந்த யோசனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள் இதுதான்: டேட்டா டிஸ்க்கில் பதிவாகும் முன்பே, பதிவாகிவிட்டது என்று சர்வர் கிளையன்டிடம் பொய் சொல்லும். அந்தச் சமயத்தில் சர்வர் கிராஷ் ஆனால் டேட்டா போய்விடும், கிளையன்டுக்கு அது தெரியவும் தெரியாது. 1995-இல் வந்த என்எஃப்எஸ் 3-இலேயே இதற்கு ஒழுங்கான தீர்வு வந்துவிட்டது: கிளையன்ட் பல ரைட்களைக் காத்திருக்காமல் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு கமிட் கேட்கும், நடுவில் சர்வர் ரீபூட் ஆகியிருந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். அசிங்க் எக்ஸ்போர்ட் அந்தப் பாதுகாப்பைத்தான் உடைக்கிறது. அழிந்தாலும் கவலையில்லை என்ற ஸ்க்ராட்ச் டைரக்டரி தவிர வேறு எங்கும் நான் அதைப் போடமாட்டேன், நீங்களும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மவுன்ட் ஆப்ஷனிலும் சிங்க், அசிங்க் என்று இரண்டு சொற்கள் உண்டு. அவை கிளையன்ட் எப்போது அனுப்புகிறது என்பதைப் பற்றியவை, எக்ஸ்போர்ட்டில் இருப்பது வேறு. மவுன்டில் அசிங்க்தான் இயல்பு, அது ஆபத்தில்லை.

சரி, சிங்க்கை வைத்துக்கொண்டே வேகம் வேண்டுமென்றால்? ஃப்ளஷ் செய்ய, அதாவது டேட்டாவை டிஸ்க்கில் பதித்து முடிக்க, ஆகும் நேரத்தைக் குறைக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 8.33 மில்லி விநாடி. ஒரு புது ஃபைலுக்கு உருவாக்கும்போது ஒன்று, கமிட்டின்போது ஒன்று என்று இரண்டு ஃப்ளஷ், ஒவ்வொன்றும் ஒரு சுற்று என்று பிடித்தால், அந்த 1 லட்சம் ஃபைலுக்கு டிஸ்க்குக்காக மட்டும் கிட்டத்தட்ட 28 நிமிடம். பேட்டரி உள்ள ரைட் கேஷ் கொண்ட ரெய்டு கன்ட்ரோலரோ, கரன்ட் போனாலும் டேட்டாவைக் காக்கும் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டியோ இருந்தால் இதே ஃப்ளஷ் மில்லி விநாடியின் சிறு பகுதியில் முடியும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட ஒரு எஸ்எஸ்டியை எஸ்லாக் (சிங்க் ரைட்களை முதலில் பதிக்கும் தனி டிவைஸ்) ஆகச் சேர்க்கலாம். சாதாரண எஸ்எஸ்டியை எஸ்லாக் ஆக்கினால், அது ஃப்ளஷ்ஷை நேர்மையாகச் செய்யும்போது மெதுவாகும், செய்யாமல் ஏமாற்றினால் பாதுகாப்பு போகும், இரண்டுமே வேண்டாம். படி 1-இல் எஃப்சிங்க் டெஸ்ட் செய்யச் சொன்னது இதற்குத்தான்.

என்எஃப்எஸ்டி த்ரெட் எண்ணிக்கை பல டிஸ்ட்ரோக்களில் வெறும் 8. பத்து இருபது கிளையன்ட் உள்ள சர்வருக்கு இது போதாது, என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலில் என்எஃப்எஸ்டி பகுதியில் த்ரெட்ஸ் 64 என்று வைத்து ஆரம்பியுங்கள், சும்மா இருக்கும் த்ரெட்டால் பெரிய செலவில்லை. ஆனால் டாப் கட்டளையில் எல்லா என்எஃப்எஸ்டி த்ரெட்டும் டி நிலையில் நின்றால் அவை டிஸ்க்குக்காகக் காத்திருக்கின்றன, த்ரெட்டைக் கூட்டினால் காத்திருப்போர் எண்ணிக்கைதான் கூடும். பழைய வழிகாட்டிகளில் சர்வரின் ஆர்பிசி புள்ளிவிவர ஃபைலில் டிஹெச் என்று தொடங்கும் வரியைப் பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள். அந்த வரியின் பயன்பாட்டு எண்கள் இப்போதைய கெர்னல்களில் பூஜ்யமாகவே இருக்கும், அதைப் பார்த்து த்ரெட் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 5: பெரிய ஃபைல்கள், நெட்வொர்க்

நடைகள் பிரச்சினையில்லை, பெரிய ஃபைல் ஓட்டம்தான் வேண்டிய அளவு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரீட்அஹெட். லினக்ஸ் 5.4-க்கு முன் கிளையன்ட் ஆர்சைஸைப் போல 15 மடங்கு, அதாவது 15 எம்பி வரை முன்கூட்டியே படித்து வைக்கும். 5.4-இலிருந்து அது 128 கேபி ஆகிவிட்டது. கெர்னலை அப்டேட் செய்த பிறகு வரிசையாகப் படிக்கும் வேகம் குறைந்துவிட்டதென்றால் சந்தேகம் முதலில் இதன்மேல் விழட்டும். மவுன்ட்பாயின்ட் கட்டளையால் அந்த மவுன்டின் டிவைஸ் எண்ணைக் கண்டுபிடித்து, சிஸ் ஃபைல் சிஸ்டத்தில் பிடிஐ டைரக்டரியின் கீழ் அந்த எண்ணுக்குரிய ரீட்அஹெட் கேபி ஃபைலில் 4096 அல்லது 15360 எழுதிப் பாருங்கள். ராண்டமாகப் படிக்கும் வேலை என்றால் 128-ஐயே விட்டுவைப்பது நல்லது.

அடுத்தது என்கனெக்ட், 2019-இல் லினக்ஸ் 5.3-உடன் வந்தது. ஒரே சர்வருக்கு 16 டிசிபி கனெக்ஷன் வரை திறக்கும். 10 ஜிகாபிட்டுக்கு மேல் உள்ள லைனில் ஒரே கனெக்ஷன் ஒரே சிபியு கோரில் முட்டி நிற்கும்போது 4 அல்லது 8 கொடுத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு நெட்வொர்க் கார்டை பாண்டிங் செய்துவிட்டு (ஒன்றாக இணைத்துவிட்டு) வேகம் இரட்டிப்பாகவில்லையே என்று குழம்புகிறவர்களுக்கும் இதுதான் பதில்: எல்ஏசிபி என்ற பாண்டிங் முறையில் ஒரு கனெக்ஷன் ஒரு கார்டு வழியாகத்தான் போகும், பல கனெக்ஷன் இருந்து, போர்ட்டையும் சேர்த்துப் பிரிக்கும்படி ஹாஷ் அமைத்தால்தான் இரண்டிலும் பரவ வாய்ப்பு உண்டு.

தூரம் அதிகமான லைனில் டிசிபி பஃபரைப் பாருங்கள். 10 ஜிகாபிட், 20 மில்லி விநாடி என்றால் எந்த நொடியிலும் வழியில் இருக்க வேண்டிய டேட்டா 25 எம்பி. லினக்ஸில் அனுப்பும் பஃபரின் இயல்பான உச்சம் 4 எம்பி, ஆகவே ஒரு கனெக்ஷன் நொடிக்கு 200 எம்பியைத் தாண்டாது. பெறும், அனுப்பும் பஃபர்களுக்கான செட்டிங்குகளான டிசிபி ஆர்மெம், டபிள்யூமெம் இரண்டின் கடைசி எண்ணையும் இரு பக்கமும் 32 எம்பி அளவுக்கு உயர்த்துங்கள். ஒரே சுவிட்சில் இருக்கும் மெஷின்களுக்கு இதெல்லாம் தேவையில்லை.

ஜம்போ ஃப்ரேம், அதாவது எம்டியுவை (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட்டிலிருந்து 9000 ஆக்குவது, சிபியு சுமையைக் குறைக்கும், வேகத்திலும் சில சதவீதம் தரும். ஆனால் வழியில் ஒரு சுவிட்ச் போர்ட் 1500-இல் நின்றாலும் சின்ன பேக்கெட் எல்லாம் போகும், பெரியது தொங்கும், மவுன்ட் ஆகும் ஆனால் எல்எஸ் அடித்தால் உறைந்து நிற்கும். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் இரு திசையிலும் போகிறதா என்று பார்க்காமல் மாற்றாதீர்கள். யுடிபியை மொத்தமாக விட்டுவிடுங்கள்: ஜிகாபிட் வேகத்தில் ஐபி துண்டுகளின் 16 பிட் அடையாள எண் சீக்கிரமே சுற்றி வந்துவிடும், ஒரு பேக்கெட்டின் துண்டு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு டேட்டா சத்தமில்லாமல் கெடலாம். டைம்அவுட் தொல்லையால் சாஃப்ட் மவுன்ட் (பதில் வராவிட்டால் எரர் கொடுத்துக் கைவிடுவது) போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், எழுதும் மவுன்டில் ஹார்ட் (பதில் வரும்வரை விடாமல் முயல்வது) மட்டும்தான்.

படி 6: கிளையன்டின் ரேம்

இது பலர் கண்ணில் படாத ஒன்று. எழுதப்படும் டேட்டா முதலில் கிளையன்டின் ரேமில் சேரும். பின்னணியில் அனுப்பத் தொடங்கும் எல்லை இயல்பாக 10 சதவீதம், எழுதுபவரை நிறுத்திவைக்கும் எல்லை 20 சதவீதம். 256 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 10 சதவீதம் என்பது 25 ஜிபிக்குக் கிட்ட. ஃபைலை மூடும்போது மிச்சம் எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டுத்தான் என்எஃப்எஸ் விடும், 1 ஜிகாபிட் லைனில் 20 ஜிபி தேங்கியிருந்தால் அந்த ஒரு குளோஸ் 170 விநாடி எடுக்கும், புரோகிராம் செத்துவிட்டது என்று நினைத்துக் கில் செய்துவிடுவார்கள். அந்த இரண்டு எல்லைகளையும் பைட் கணக்கில் சொல்லும் கெர்னல் செட்டிங்குகளான விஎம் டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸை 256 எம்பி, டர்ட்டி பைட்ஸை 1 ஜிபி என்று வைத்தால் டேட்டா தேங்காமல் சீராக ஓடும். மொத்த வேகம் ஏறாது, ஆனால் அந்த நீண்ட உறைதல் போய்விடும்.

மாற்றும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, படி 1-இல் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள், வித்தியாசம் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள். ரீமவுன்ட் செய்தால் ஆர்சைஸ், வெர்ஷன், என்கனெக்ட் போன்றவை மாறாது, அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும். என்கனெக்டில் கூடுதலாக ஒரு சிக்கல்: ஒரே சர்வரிலிருந்து பல மவுன்ட் இருந்தால் அவை கனெக்ஷன்களைப் பகிர்ந்துகொள்ளும், முதலில் மவுன்ட் ஆனது கேட்ட எண்ணிக்கைதான் மற்றவற்றுக்கும், ஆகவே அந்தச் சர்வரின் எல்லா மவுன்ட்டையும் இறக்கிவிட்டு ஏற்றுங்கள். அப்புறம் என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை மைனஸ் எம் கொடுத்து ஓட்டி, உண்மையில் அமலில் இருப்பது என்ன என்று பாருங்கள், மவுன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதியதை மட்டும் நம்ப வேண்டாம். பிடிஐ ரீட்அஹெட் ரீபூட்டில் அழிந்துவிடும், புதிய என்எஃப்எஸ் யூடில்ஸில் அதற்கென்றே இருக்கும் என்எஃப்எஸ்ராஹெட்டை அமைத்துவிட்டால் ஒவ்வொரு மவுன்டின்போதும் அது தானாக எழுதிக்கொள்ளும்.